கமலாம்பாளும் ஊர்வாயும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் கீழ்பென்னாத்தூர் என்றோர் ஊர் உண்டு. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. வானம் தெளிந்த நாளில் எங்கள் கொல்லைமேட்டில் நின்று மேற்றிசை நோக்கினால் அண்ணாமலையின் நீல முடி தோன்றும். கார்த்திகைத் தீபத்தன்று அம்முடியில் எழும் சுடரைக் காண வேற்று மாநிலத்தாரும் வந்து குழுமுவர். ஆயினும், சிறுவனாய் இருந்த காலத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்த விழா அதுவன்று. தைத் திங்கள் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையார் திருக்கோயிலைச் சார்ந்து நிகழும் திருவூடல் விழாவே எனக்குப் பெருவிழாவாக இருந்தது.

அவ்விழாவின் கதையை அறியாதவர் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவபெருமானையன்றிப் பிறரை வணங்கேன் என்று உறுதி பூண்டவர் பிருங்கி முனிவர். அம்மையை விலக்கி அப்பனை மட்டுமே வலம் வந்த அவருக்குக் காட்சி கொடுக்க அண்ணாமலையார் புறப்படுகிறார். தன்னை மதியாத ஒருவருக்குத் தன் கணவர் அருள் செய்யப் போவது உண்ணாமுலையம்மைக்குப் பொறுக்கவில்லை. திருவூடல் வீதியில் இருவரும் எதிரெதிரே நிற்கின்றனர். சுமப்போர் முன்னும் பின்னுமாக நடந்து காட்டும் நடையிலேயே ஒருவர் சினமும் மற்றவர் கெஞ்சலும் புலப்படும். சுந்தரமூர்த்தி நாயனார் தூது நடப்பார், தூது பலிக்காது. அம்மை கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்வாள். இறைவர் குமரக் கோயிலில் இரவைக் கழித்து, மறுநாள் மலையை வலம் வந்து, முனிவருக்குக் காட்சியும் தந்துவிட்டு, பின்னரே வீடு திரும்பிச் சமாதானம் பெறுவார்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் வெளிவந்து காட்சி தருவது அத்திருக்கோயிலின் வழக்கம். என் பாட்டனார் அதைச் சுட்டிக்காட்டி, "கார்த்திகையில் ஓருடம்பாய் நின்றவர்கள், தை பிறந்ததும் தெருவில் நின்று சண்டை போடுகிறார்கள் பார்! இரண்டு மாதம் தாங்கவில்லை" என்பார். பக்கத்தில் நிற்கும் பாட்டியார், "சண்டை எதனால் வந்தது, யார் மேல் தப்பு என்பதையும் சொல்லுங்களேன்" என்பார். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்போம். எங்கள் ஆயாவுக்கு அந்த வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதில் ஐயமே இருந்ததில்லை.

அவர்கள் மணமாகி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனவர்கள். ஓர் ஆண்டு அவர்களுக்கிடையே உண்மையாகவே ஒரு பிணக்கு வந்தது. உறவினர் ஒருவர் வாங்கிய கடனுக்குத் தாத்தா பிணைக் கையெழுத்து இட்டுவிட்டார் என்றும், கிணற்றுப் பாய்ச்சல் நிலம் ஏலத்துக்கு வரப்போகிறது என்றும் ஒரு பேச்சு கடலை மண்டியில் பிறந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வாரம் ஆயா அவரோடு பேசவில்லை. ஆனால் சமையல் நிற்கவில்லை; பேச்சும் முழுவதும் நின்றுவிடவில்லை. "சோறு ஆறுகிறது என்று சொல்" என்று என்னிடம் சொல்வார். மூன்று முழத் தொலைவில் அமர்ந்திருப்பவரிடம் நான் அதை எடுத்துரைப்பேன். அவர், "பசியில்லை என்று சொல்" என்பார். நான் பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில் அந்தத் தூதுப் பதவியைத் தொழுவத்துக் கன்றுக்குட்டி வகித்தது என்று பின்னர் அறிந்தேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் நகைத்தோம். நகைக்கும்போதே, நிலம் போய்விடுமோ என்ற அச்சமும் எங்கள் நெஞ்சில் இருந்தது.

நீண்டநாள் இல்லறம் நடத்திய ஒருவருக்கும் ஒருத்திக்கும் இடையே ஊர்ப்பேச்சு புகுவதை, நகையும் அச்சமும் இவ்வாறு கலந்து, நாவலாக எழுதிக் காட்டியவர் தமிழில் ஒருவர் உண்டு. அவர் வத்தலக்குண்டு ராஜம் ஐயர். நாவலின் முழுப் பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. அபவாதம் என்றால் பழிச்சொல். கமலாம்பாள் என்ற பெயரையே உலகம் வைத்துக்கொண்டது, முன்பாதியை மறந்துவிட்டது. மறந்த பாதியிலேதான் நூலின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

கணவன் மனைவி பிணக்கைச் சிரித்துக்கொண்டே பாடுவது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவையே. கணவன் தும்மினான் என்று வாழ்த்திய மனைவி, மறுகணமே "உம்மை எவள் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழத் தொடங்கும் காட்சியை வள்ளுவர் வரைந்திருக்கிறார். பரவையாரின் சினத்தைத் தணிக்கச் சிவபெருமானே சுந்தரருக்காக நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்த வரலாற்றைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். எனினும் அவை கவிதையின் ஊடல். அங்கே காதலர் என்றும் இளையவர். அவர்களுக்கு மணம் பேசவேண்டிய மகள் இல்லை, பங்கு பிரிக்கவேண்டிய தம்பி இல்லை, மண்டியில் முடங்கிய பணம் இல்லை. நரை தொடங்கிய தம்பதியரின் அன்றாட வாழ்வு இலக்கியத்தில் இடம் பெறுவதற்கு உரைநடையும் அச்சும் மாதப் பத்திரிகையும் வரவேண்டியிருந்தன.

முதலில் வந்தது, மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879ஆம் ஆண்டு அச்சாகிய அந்நூல் நகைச்சுவையின் களஞ்சியம். முன்சீப்பாகப் பணியாற்றி, வழக்காடும் மக்களின் விநோதங்களையெல்லாம் கண்டவர் அவர். ஆயினும் அதில் நகை வேறு, கதை வேறு. நகைக்கு ஒரு துணுக்கு வரும். அது முடிந்ததும் கதை மீண்டும் நடக்கும். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டின் அரசராகவே ஆட்சி புரிகிறாள். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் நம் அடுத்த வீட்டில் நடக்கக்கூடியதன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் தெலுங்கிலும் ஒரு முயற்சி நடந்தது. கந்துகூரி வீரேசலிங்கம் 1878இல் தம் பத்திரிகையில் தொடங்கி, 1880இல் நூலாக வெளியிட்ட 'ராஜசேகர சரித்திரம்' அது. அதற்கு வித்து ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்பவர் 1766இல் வெளியிட்ட 'வேக்ஃபீல்டின் பாதிரியார்' என்னும் நாவலில், பிரிம்ரோஸ் என்ற ஒரு நல்ல பாதிரியாரும் அவர் மனைவியும் வருகின்றனர். வணிகன் ஒருவனிடம் கொடுத்துவைத்த பணம் பறிபோகிறது, மகள் கடத்தப்படுகிறாள், வீடு தீப்பற்றுகிறது, பாதிரியார் சிறை புகுகிறார். இத்தனை துன்பத்துக்கும் நடுவே, சந்தைக்குக் குதிரை விற்கப் போன மகன் அந்தப் பணத்துக்குப் பச்சைக் கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு பெருமையோடு திரும்பி வருகிறான்! மண வாழ்வில் பழகிப்போன இருவர்மீது இடர்மேல் இடர் வீழ்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம் என்பதை உலகுக்குக் காட்டிய நூல்களுள் அது ஒன்று. நம் நாட்டில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் விரும்பிப் படித்த நூலும் அதுவே.

அத்தகைய இளைஞர்களுள் ஒருவர் ராஜம் ஐயர். 1872ஆம் ஆண்டு, அந்நாளில் மதுரை மாவட்டத்தில் இருந்த வத்தலக்குண்டில் பிறந்தார். மதுரையில் பயின்று, பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் படிக்க முயன்றார், அது கைகூடவில்லை. சட்டக் கல்விக்கு நேர்ந்த அத்தோல்வி தமிழுக்கு ஆதாயமாயிற்று. சி. வி. சுவாமிநாத ஐயர் 1892இல் தொடங்கி நடத்திய 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் கமலாம்பாள் சரித்திரம் வரத் தொடங்கியது. 1895 ஜனவரியில் முடிந்தது. மறுஆண்டு, 1896இல், நூலாயிற்று.

கல்லூரி மாணவர்களே, இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21. உங்களுள் பலருக்கு ஆகும் வயது. அந்த வயதில் எழுதப் புகுவோர் தம்மையொத்த இளைஞன் ஒருவனையே தலைவனாக வைத்து எழுதுவது இயல்பு. இவரோ மணம் பேசும் பருவத்தில் மகளையுடைய முத்துஸ்வாமி ஐயரையும் அவர் மனைவி கமலாம்பாளையும் நடுவில் வைத்தார். மகளுக்கு வரன் தேடுவது பற்றிக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் பேச்சிலேயே கதை விரிகிறது. அந்தப் பேச்சில் கேலி இருக்கிறது, பொய்க்கோபம் இருக்கிறது, பல ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோருக்கே வாய்க்கும் சுருக்கம் இருக்கிறது. முழு வாக்கியம் அவர்களுக்குத் தேவையில்லை. அரைச் சொல்லில் ஒருவர் கருத்தை மற்றவர் அறிந்துகொள்கின்றனர். இதை ஓர் இளைஞர் எங்கே கேட்டார்? தம் வீட்டுக் கூடத்திலும் அடுத்த வீட்டுத் திண்ணையிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கவேண்டும்.

கதை நடக்கும் ஊர் மதுரைச் சீமையில் உள்ள சிறுகுளம். கதை சொல்லும் நடையில் அக்கால வழக்கப்படி வடசொற்கள் மிகுதி. ஆனால் மாந்தர் வாய் திறந்தால் வேறு தமிழ் கேட்கிறது. மதுரைப் பக்கத்துப் பார்ப்பனர் வீடுகளில் வழங்கிய பேச்சு, அதன் இழுப்பும் வெட்டும் குறையாமல், ஏட்டில் ஏறியிருக்கிறது. அதற்கு முன் வந்த நாவல்களில் அரசனும் ஆண்டியும் ஏறக்குறைய ஒரே நடையில் பேசினர். இங்கே ஆளுக்கொரு வாய் உண்டு.

அவ்வாய்களுள் மிகச் சிறந்தது ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் வாய். மதுரையில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பண்டிதர் அவர். யமகமும் திரிபும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உலகத்தில் அறியத்தக்கவை எல்லாம் பழைய பாட்டுகளில் அடங்கிவிட்டன என்பதில் அவருக்கு ஐயமில்லை. எதிரே வருவது மாடா மனிதரா என்பதைவிட, அதற்கு எந்தப் புலவர் என்ன உவமை சொன்னார் என்பதே அவருக்கு முக்கியம். பண்டிதரைக் கேலி செய்யும் எழுத்தில் பெரும்பாலும் நஞ்சு கலந்திருக்கும். ராஜம் ஐயரின் கேலியில் அன்பு இருக்கிறது. புத்தகத்தை மூடிய பிறகும் அம்மையப்ப பிள்ளையை நாம் வெறுப்பதில்லை. மாறாக, நாம் படித்த பள்ளியிலும் இவர் இருந்தாரே என்று தேடுகிறோம். எங்கள் பள்ளியிலும் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொன்னால் எனக்குத் தமிழ் கற்பித்த கடன் தீராது.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சிறுகுளத்துப் பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் கூட்டம் ஒன்று நாவலில் வருகிறது. அதற்கு ஆசிரியர் சூட்டிய பெயர் 'வம்பர் மகாசபை'. காங்கிரஸ் மகாசபை 1885இல் தோன்றி, ஆண்டுதோறும் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றிவந்த காலம் அது. சபைகளும் சங்கங்களும் எங்கும் முளைத்தன. பெயரைக் கேட்டதுமே அந்நாளைய வாசகர் நகைத்திருப்பர். இந்தச் சபைக்கும் தலைமை உண்டு, நடவடிக்கை உண்டு, தீர்மானமும் உண்டு. இதன் உறுப்பினர்கள் ஒருவர் சொல்லை மற்றவர் பிடித்து, சிறிது மாவு சேர்த்துப் பிசைந்து, அடுத்தவர் கையில் கொடுக்கும் திறனைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்காது. அந்தச் சிறுமிக்கும் சீனிவாசனுக்கும் நடக்கும் திருமணத்தில் அவர்களுக்கு நல்ல வேட்டை.

இங்கே ஒன்று இடைமறித்துச் சொல்லவேண்டும். சிறுமியின் திருமணத்தை ஆசிரியர் விரிவாக வருணிக்கிறார். அதைக் குறித்து வாதம் செய்யவில்லை. 1891இல்தான் சம்மத வயதுச் சட்டம் பத்து வயதைப் பன்னிரண்டாக உயர்த்தி, நாடெங்கும் பெரும் பூசலைக் கிளப்பியிருந்தது. அதே 1872இல் பிறந்த அ. மாதவையா தம் நாவல்களில் அத்தகைய வழக்கங்களோடு நேருக்கு நேர் போராடினார். அவருடைய 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்தது. ராஜம் ஐயருக்கு அந்தப் போராட்டத்தில் நாட்டம் செல்லவில்லை. அது ஒரு குறை என்றே கருதுகிறேன்.

நாவலின் முற்பகுதியில் நாம் வம்பர் மகாசபையின் பின்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறோம். பிறகு கதை இருள்கிறது. முத்துஸ்வாமி ஐயரின் தம்பி சுப்பிரமணிய ஐயர். தம்பியின் மனைவி பொன்னம்மாள். அவளுடைய பொறாமையால் குடும்பத்தில் பிளவு உண்டாகிறது. அருமையாய்ப் பிறந்த ஆண் குழந்தை நடராஜன் களவு போகிறான். பெருஞ்செல்வம் அழிகிறது. இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த அடிகள். இருவர் சேர்ந்து தாங்கினால் தாங்கலாம். கடைசியாக வருவது, கமலாம்பாளின் நடத்தையைப் பற்றிய ஒரு பழிச்சொல். அது சேர்ந்து தாங்கக்கூடிய அடியன்று. ஏனெனில் அது இருவருக்கும் நடுவில் விழுகிறது.

அப்பழிச்சொல் எப்படிப்பட்ட இடத்தில் பிறக்கிறது என்பதை வாசகர் முன்னரே அறிவர். நாம் நூறு பக்கம் சிரித்துக் கேட்ட அதே ஊர்வாய். அன்று அது மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிப் பேசினால் என்ன, சம்பந்தி வீட்டுச் சீரைப் பற்றிப் பேசினால் என்ன? நகைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். இன்று அது ஒரு குடும்பத்தை உடைக்கிறது. நகைச்சுவையை ஒரு புறமும் துயரத்தை மற்றொரு புறமும் அடுக்கி வைத்தவர் அல்லர் ராஜம் ஐயர். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை அவர் கண்டார். பிரதாப முதலியாரில் இல்லாத இப்புதுமை இதில் இருக்கிறது.

அந்நாளைய வாசகர் இதை மாதம் ஒருமுறை சிறிது சிறிதாகப் படித்தனர் என்பதையும் மறக்கலாகாது. முப்பது நாள் காத்திருந்து, கமலாம்பாளுக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று அறிய ஆவல் கொண்டு, இதழ் வந்ததும் ஒருவர் படிக்க நால்வர் கேட்டு, பின் அதைப் பற்றியே பேசி மகிழ்ந்திருப்பர். சிறுகுளத்து மகாசபை செய்ததும் அதுதானே? அந்தப் பெண்களும் அடுத்த வீட்டுக் கதையின் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தவர்களே. ஆசிரியர் இதை எண்ணிப் புன்னகைத்திருப்பார் போலும்.

ஒரு சொல்: வம்புக்கு அவர் மகளிரையே உரிமையாளர் ஆக்கிவிட்டார். அது முழு நியாயமன்று. எங்கள் வீட்டுக்கு வந்த வதந்தியை உருவாக்கியவர்கள் அனைவரும் மீசையுள்ளவர்கள்.

பழிச்சொல் காதில் விழுந்ததும் முத்துஸ்வாமி ஐயர் செய்தது என்ன? அவர் கற்றவர், நல்லவர், ஊரார் எவ்வளவு வம்பர் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர். எனினும், வீடு திரும்பி மனைவியின் முகத்தை நோக்கி விசாரிப்பதை விட்டு, உலகமே பொய் என்று துறவை நாடிச் செல்கிறார். சச்சிதானந்த சுவாமிகள் என்னும் ஞானாசிரியரை அடைகிறார். கதையின் பிற்பகுதி ஆன்மிகத் தேட்டமாக மாறுகிறது.

இந்த மாற்றத்தைக் குறை கூறுவோர் பலர். முற்பாதியில் இருந்த உயிர்ப்பு பிற்பாதியில் இல்லை என்பர். அது பெரும்பாலும் உண்மையே. சிறுகுளத்துத் தெருவில் ஒவ்வொரு கல்லையும் காட்டியவர், பிற்பகுதியில் நம்மை வான்வழியே அழைத்துச் செல்கிறார். ஆனால் அதற்குக் காரணம் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. நாவல் எழுதத் தொடங்கிய 1893ஆம் ஆண்டிலேதான் விவேகானந்தர் சென்னையில் தங்கியிருந்து, பின் சிகாகோ சென்றார். அவர் தூண்டுதலால் சென்னை அன்பர்கள் 1896 ஜூலையில் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியராக அமர்ந்தவர் இருபத்து நான்கு வயது ராஜம் ஐயர். வேதாந்தக் கட்டுரைகளைத் தாமே எழுதிக் குவித்தார். அவை 1905இல் நூலாகத் தொகுக்கப்பெற்றன. நாவல் எழுதும்போதே அவர் மனம் வீட்டைவிட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது. முத்துஸ்வாமி ஐயர் துறவு நாடிச் சென்ற வழி, உண்மையில் அவரைப் படைத்தவர் நடந்துகொண்டிருந்த வழி. அமைதியற்ற ஓர் ஆன்மா பட்ட பாட்டையும் அது அடைந்த அமைதியையும் காட்டுவதே தம் கருத்து என்று ஆசிரியரே தெரிவிக்கிறார். அவரைப் பொறுத்தவரையில் பின்பாதியே கதை. அம்மையப்ப பிள்ளையும் மகாசபையும் அதற்குத் தோரண வாயில். நமக்கோ தோரணமே கண்ணைக் கவர்கிறது.

1898 மே மாதத்தில் ராஜம் ஐயர் மறைந்தார். வயது 26. இதழும் சென்னையில் நின்று, அதே ஆண்டு அல்மோராவுக்குப் பெயர்ந்தது. அவர் எழுதி முடித்த தமிழ் நாவல் ஒன்றே ஒன்று. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1998இல், ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவர் தலைப்புக்கு எடுத்துக்கொண்டது கமலாம்பாளின் பெயரை அன்று, அந்தப் பழிச்சொல்லையே. நாம் மறந்த பாதியை ஓர் அயல்நாட்டறிஞர் நினைவுபடுத்தினார்.

இந்நூலை நான் முதன்முதல் முழுவதும் படித்தது எங்கள் ஆயாவுக்காக. அவருக்கு எழுத்துத் தெரியாது. கல்லூரி விடுமுறையில் ஊர் நூலகத்திலிருந்து எடுத்து வந்து, இரவு உணவுக்குப் பின் கூடத்தில் விளக்கடியில் அமர்ந்து நாளுக்கு இரண்டு அத்தியாயம் படிப்பேன். ஆயா முறத்தில் நிலக்கடலையை உடைத்துக்கொண்டே கேட்பார். தாத்தா வெளித்திண்ணையில் படுத்திருப்பார். அவர் கதை கேட்பவர் அல்லர் என்பது வீட்டில் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆயினும் அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களில் திண்ணையிலிருந்து ஒரு கனைப்பு எழும்.

மகாசபைப் பகுதியில் ஆயா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒவ்வொரு பேச்சுக்கும், எங்கள் தெருவில் அதற்குப் பொருத்தமான ஆளைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டினார். பேச்சுத்தமிழ் வேற்றூர்த் தமிழ், வேற்றுக் குலத்தார் தமிழ் என்பது அவருக்கு ஒரு தடையாகவே இல்லை. குழந்தை களவு போன இரவில் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். பழிச்சொல் பகுதியை நான் படித்த இரவு, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த மனுசன் அவளைக் கேட்டாரா?"

"எதை ஆயா?"

"இந்த மாதிரி பேசுறாங்களே, நிசமான்னு. ஒரு வார்த்தை கேட்டாரா?"

"இல்லை ஆயா. சாமியாரைத் தேடிப் போய்விட்டார்."

"நான் கேட்டேன்" என்றார் அவர்.

பிணைக் கையெழுத்துச் செய்தியைத்தான் சொன்னார். அது எப்படித் தீர்ந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கன்றுக்குட்டி வழியாகப் பேசிய பின், ஒரு விடியற்காலையில் கிணற்றடியில் தாத்தாவின் எதிரே போய் நின்று, நேராகக் கேட்டிருக்கிறார். அவரும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டது உண்மை. ஏலம் என்பது பொய். உறவினர் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார். "அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று ஆயா கேட்க, "நீ முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்று தாத்தா சொல்ல, அதன்மேல் மற்றொரு சண்டை நடந்து, அது அன்று மாலையே தீர்ந்ததாம். நான் இதைக் கேட்டபோது திண்ணையில் கனைப்பு ஒன்றும் எழவில்லை. அவர் உறங்கிவிட்டார் என்று எண்ணினேன்.

நாவலின் இறுதியில், பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் கூடுகின்றனர். இழந்த மகனும் கிடைத்துவிடுகிறான். விடுமுறை முடிவதற்கு முதல்நாள் இரவு அந்தப் பகுதியைப் படித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். ஆயா காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஆயா. எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள்."

"அவ அந்த ஆளை ஒண்ணும் கேட்கலையா? இத்தனை பாடு படுத்திட்டுப் போனாரே, நாலு வார்த்தை திட்டலையா?"

"அப்படி ஏதும் இல்லை ஆயா."

"இருக்கும். நீ பக்கத்தைத் தள்ளிட்டிருப்பே. திருப்பிப் பார்" என்றார்.

"இருக்காது. நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.

நான் மீண்டும் புத்தகத்தைத் திறந்து, விளக்கைச் சற்று அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.